தூரிகை யார் கையில்?



சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர வகுப்பிலே பயண இலக்கியம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தூரதேசங்களுக்குச் சென்று அங்குள்ள மக்களைப் பற்றி எழுதியவர்கள், அந்த மக்களுக்கே அநீதி இழைத்த சந்தர்ப்பங்கள் உண்டு என்று சிறிது கடுமையாகச் சொல்லிவிட்டேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அவர் பொய் எழுதவில்லைத்தானே? கண்டதைத்தானே எழுதினார்? பிறகு என்ன அநீதி?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மணி அடித்தபடியால் நான் அன்று தப்பித்துக்கொண்டேன். ஆனால் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேட இவ்வாரம் ஒரு குறும்படத்தைத் துணைக்கு அழைக்கின்றேன். எட்டு நிமிடம்கூட ஓடாத படம். 2005ஆம் ஆண்டு கனடாவில் எடுக்கப்பட்டு, மறுவருடம் பேர்லின் சர்வதேசத் திரைப்பட விழாவரை சென்றது. 'குறூப் ஒவ் செவன் இஞ்சஸ்' என்பது அதன் பெயர். எடுத்தவர் கென்ற் மங்க்மன். உடன் இயக்கியவர் ஜிசேல் கோர்டன். இலக்கியத் தொடரிலே திரைப்படத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். இந்தப் படத்தின் வேர் இரண்டு பழைய புத்தகங்களில் இருக்கிறது. ஆகவே புத்தகங்களிலிருந்தே தொடங்குவோம்.

ஜோர்ஜ் கற்லின் (1796 - 1872) என்ற அமெரிக்க ஓவியர் 1830களில் மேற்குச் சமவெளிகளுக்குப் பயணம் செய்தார். நாம் பாடப்புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று படித்த பூர்வகுடி மக்களிடையே தங்கி, ஐந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். இந்த மக்கள் அழிந்துபோகப் போகிறார்கள், அதற்குமுன் இவர்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பதே அவருடைய இலட்சியம். 1841இல் தமது அனுபவங்களைக் கடித வடிவில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அந்தக் கண்காட்சியை இலண்டனில் கண்டு உற்சாகம் பெற்றவர் போல் கேன் (1810 - 1871). அயர்லாந்திலே பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்த இவர், 1845 முதல் 1848 வரை கனடாவின் மேற்குப் பகுதிகளில் அலைந்து திரிந்து வரைந்தார். அவருடைய பயண நூல் 1859இல் வெளிவந்தது.

இவர்களைக் கெட்ட மனிதர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. கற்லின் 1832இல் மிசூரி ஆற்றங்கரையில் மண்டான் என்ற குடியினரைச் சந்தித்து அவர்களின் முகங்களையும் சடங்குகளையும் வரைந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1837இல், பெரியம்மை அந்த மக்களை வாரிக்கொண்டு போயிற்று. எஞ்சியவர்கள் இருநூறு பேர்கூட இல்லை. கற்லின் போயிராவிட்டால் அந்த முகங்களில் பல இன்று நமக்குக் கிடைத்திரா. இதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே நூலில் இன்னொரு பக்கம் இருக்கிறது. சாக், ஃபொக்ஸ் என்ற குடிகளிடையே கற்லின் ஒரு விருந்தையும் நடனத்தையும் கண்டார். ஆணாகப் பிறந்து பெண்ணுடை தரித்து வாழும் ஒருவரைச் சூழ்ந்து வீரர்கள் ஆடுகின்றனர். அந்த மனிதர் அக்குடியிலே புனிதமானவராக மதிக்கப்படுகிறார். கற்லின் அதை ஓவியமாகத் தீட்டினார். ஆனால் எழுத வந்தபோது முகம் சுழித்தார். இதைவிட முழுமையாக யாரும் பதிவு செய்வதற்கு முன்பே இந்த வழக்கம் அழிந்தொழிய வேண்டும் என்று தமது விருப்பத்தை எழுதிவைத்தார்.

நேயர்களே, இந்த இடத்திலே சற்று நின்று பாருங்கள். அழியப்போகிறது என்பதனாலேயே ஒரு மக்கள் கூட்டத்தைப் பதிவு செய்யப் புறப்பட்டவர், அதே கூட்டத்தில் ஒரு வகையினர் மட்டும் பதிவாகுமுன்னே அழியட்டும் என்கிறார். பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினார். எது எஞ்ச வேண்டும், எது போக வேண்டும் என்ற தீர்ப்பையும் அதோடு சேர்த்து எழுதிவிட்டார்.

ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகள் கழித்து அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு செய்தவர்தான் கென்ற் மங்க்மன். 1965இல் ஒன்ராறியோ மாகாணத்திலே பிறந்தவர். மனிற்ரோபா மாகாணத்து வின்னிபெக் நகரில் வளர்ந்தவர். மனிற்ரோபாவில் உள்ள ஃபிஷர் றிவர் என்ற கிறீ சமுதாயத்தைச் சேர்ந்தவர். ஓவியராகவே உலகப் புகழ் பெற்றார். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தின் பெரு மண்டபத்தில் 2019இல் வைக்கப்பட்ட இரண்டு பிரமாண்டமான ஓவியங்கள் இவருடையவை. தாம் தன்பாலீர்ப்புடையவர் என்பதையும், கற்லின் அழியட்டும் என்று எழுதிய அந்த மரபின் வாரிசு என்பதையும் மறைக்காதவர். நூலிலே தம்மவரைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்தவர் கொள்ளும் கோபம் எப்படி இருக்கும்? மங்க்மனின் கோபம் சிரிப்பாக வெளிப்பட்டது.

படத்தின் கதையைச் சொல்வதானால் மிகச் சிறியது. பழைய பேசாப்படத்தின் பாணி. படத்தின் நாயகியாக மங்க்மனே வேடமிட்டு நடிக்கின்றார். மிஸ் சீஃப் ஈகிள் ரெஸ்ரிக்கிள் என்பது அவளுடைய பெயர். அவள் ஓர் ஓவியர், ஆராய்ச்சியாளரும்கூட. அவளுடைய ஆராய்ச்சிப் பொருள் 'ஐரோப்பிய ஆண்' என்னும் விநோதமான இனம்! வெள்ளை இளைஞர்களை அவள் கண்டுபிடிக்கிறாள். விஸ்கி கொடுத்து மயக்குகிறாள். ஆடையின்றி நிற்கவைத்து வரைகிறாள். பின்பு, உண்மையான ஐரோப்பியன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று, தனக்குப் பிடித்த பழங்கால ஐரோப்பிய உடைகளை அவர்களுக்கு அணிவித்து 'அசல்' ஆக்கிவிடுகிறாள். இத்தனைக்கும் ஆதாரமாக அமைவன கற்லினும் கேனும் எழுதிய குறிப்புகளே. அவை தலைகீழாக்கப்பட்டுள்ளன. பார்த்தவர் இருந்த இடத்தில் பார்க்கப்பட்டவர். பார்க்கப்பட்டவர் இருந்த இடத்தில் பார்த்தவர்.

படம் எடுக்கப்பட்ட இடமும் ஒரு செய்தி சொல்கிறது. ரொறன்ரோவுக்கு வடக்கே கிளைன்பேர்க் என்னும் ஊரில் மக்மைக்கல் கனடியக் கலைக்கூடம் உள்ளது. 1920இல் தோன்றிய 'எழுவர் குழு' என்ற புகழ்பெற்ற ஓவியர் குழாத்தின் கோயில் என்றே அதனைச் சொல்லலாம். குழுவினரில் அறுவர் அந்த வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவர்களின் முன்னோடியான ரொம் தொம்சன் தங்கி வரைந்த குடிலும் பெயர்த்து வந்து அங்கே வைக்கப்பட்டுள்ளது. இந்த ஓவியர்கள் கனடாவின் காடுகளையும் ஏரிகளையும் பாறைகளையும் வரைந்தார்கள். அழகான ஓவியங்கள்தாம். ஆனால் அவற்றிலே பெரும்பாலும் மனிதரே இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்த நிலம், யாரும் வாழாத கன்னிக்காடாகச் சட்டகத்துக்குள் அமர்ந்துவிட்டது. அந்தக் கோயில் வளாகத்துக்குள்ளேதான் மிஸ் சீஃப் தூரிகையோடு நுழைகிறாள்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். தமிழ் வாத்தியார் சிலேடையை விட்டுவிட்டுப் போகமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். 'குறூப் ஒவ் செவன்' என்றால் எழுவர் குழு. அதன் பின்னே 'இஞ்சஸ்' என்று அங்குலத்தைச் சேர்த்ததும், தேசியப் பெருமிதம் முழுவதும் ஆண்கள் தம் ஆண்மையை அளந்துகொள்ளும் வீம்பாகச் சுருங்கிவிடுகிறது. நாயகியின் பெயரும் அவ்வாறே. மிஸ் சீஃப் என்பது 'தலைவிச் செல்வி'. சேர்த்து உச்சரித்தால் ஆங்கிலத்தில் 'குறும்பு'. ஈகிள் ரெஸ்ரிக்கிள் என்பதை வேகமாகச் சொன்னால் 'தற்பெருமை பிடித்த' என்ற சொல்லின் ஒலி கேட்கும். நிதானமாகச் சொன்னால் கழுகும், ஆணுடலின் ஓர் உறுப்பும் தனித்தனியே நிற்கும். கண்டவற்றுக்கெல்லாம் தன் பெயரைச் சூட்டி, ஓவியத்தின் மூலையிலும் தன்னையே வரைந்து வைக்கும் ஓவியர்களின் தற்பெருமைக்கு இது கண்ணாடி.

அங்கதத்தைத் தொல்காப்பியர் செம்பொருள் என்றும், பழிகரப்பு என்றும் இரண்டாக வகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று. பழிப்பை மறைத்துச் சொல்வது மற்றையது. மங்க்மனின் படம் இரண்டாவது வகை. எங்குமே அது கற்லினைத் திட்டவில்லை. அவரைப் போலவே நடந்து காட்டுகிறது, அவ்வளவுதான். நாம் முதலில் சிரிக்கிறோம். 'இது என்ன அபத்தம், ஐரோப்பியர் எல்லாரும் இப்படியா உடுத்துகிறார்கள்?' என்று நினைக்கிறோம். அந்த நினைப்பு முடியுமுன்னே, இதே அபத்தத்தைத்தானே பூர்வகுடிகள் விடயத்தில் நூறு ஆண்டுகளாக உண்மை என்று நம்பினோம் என்பது உறைக்கிறது.

உடை பற்றிய கேலி வெறும் கற்பனை அன்று. எட்வேர்ட் கேட்டிஸ் என்ற புகைப்படக் கலைஞர், 1907 முதல் 1930 வரை வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பற்றி இருபது தொகுதிகள் வெளியிட்டவர். 1910இல் அவர் எடுத்த ஒரு படத்தில் இரண்டு பீகன் குடியினர் தம் கூடாரத்தினுள் அமர்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே ஒரு மணிக்கூடு இருந்தது. அச்சாகி வந்த படத்திலே மணிக்கூட்டைக் காணோம்; அழித்துவிட்டார்கள். அந்த மனிதர்கள் வாழ்ந்த காலம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த உருவகம் எந்தக் கவிஞருக்கும் கிடைக்காது.

மறுபுறத்தில் சட்டம் என்ன செய்தது? கனடாவின் இந்தியர் சட்டம் 1876இல் வந்தது. 1880களின் நடுப்பகுதியில் மேற்குக் கரையின் 'பொட்லாச்' என்னும் கொடைவிழாவைத் தடை செய்தார்கள். அந்தத் தடை 1951வரை நீடித்தது. 1914இல் வந்த ஒரு திருத்தம், மேற்கு மாகாணங்களின் பூர்வகுடிகள் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு வெளியே மரபு உடை அணிந்து ஆடுவதற்கோ காட்சிகளில் தோன்றுவதற்கோ அனுமதி பெறவேண்டும் என்றது. ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் அந்த உடை வேண்டும். அரசாங்கத்துக்கு அது கூடாது. இரண்டுக்கும் நடுவிலே, அந்த உடைக்குள் இருந்த மனிதரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை.

பெண்ணுடை தரித்த ஆண்களுக்கு நேர்ந்தது இதனினும் கொடியது. அமெரிக்காவின் குரோ குடியிலே ஓஷ்-ரிஷ் என்று ஒருவர் இருந்தார். 1854இல் பிறந்தவர். ஆண்மையும் பெண்மையும் கலந்த 'பாட்டே' என்னும் நிலையினராக அக்குடியால் மதிக்கப்பட்டவர். தோலில் தையல் வேலை செய்வதில் கைதேர்ந்தவர். 1876இல் நடந்த றோஸ்பட் போரிலே துணிந்து போரிட்டவரும்கூட. 1890களில் அரசாங்க முகவர் ஒருவர் இத்தகையோரைப் பிடித்து, கூந்தலை வெட்டி, ஆண்களின் உடையை அணியுமாறு பலவந்தப்படுத்தினார். குரோ மக்கள் வெகுண்டனர். அவர்களின் தலைவர் அந்த முகவரை ஊரைவிட்டுப் போகும்படி சொன்னார் என்பதை அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தனர். கற்லின் பேனாவால் விரும்பியதைப் பின்வந்தவர்கள் கத்தரிக்கோலால் செய்தார்கள். கனடாவிலோ ஒன்றரை இலட்சம் பிள்ளைகள் வரை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு உறைவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டனர். 1990களின் பிற்பகுதிவரை அந்தப் பாடசாலைகள் இருந்தன. பிள்ளைகளின் மொழி போயிற்று. மொழியோடு இத்தகைய மனிதரைக் குறித்த சொற்களும் போயின.

சொல் போய்விட்டால் என்ன எஞ்சும்? அந்நியர் வைத்த பெயர் எஞ்சும். பிரெஞ்சுக்காரர் இவர்களுக்கு வைத்த 'பேர்டாஷ்' என்ற சொல், பாரசீக மூலத்தைக் கொண்டது. அடிமை, கைதி என்ற பொருளில் தொடங்கி இழிசொல்லாக முடிந்தது. கற்லினின் ஓவியத் தலைப்பிலும் இச்சொல்லே உண்டு. 1990இல் வின்னிபெக் அருகே பூர்வகுடிகளைச் சேர்ந்த தன்பாலீர்ப்புடையோர் ஒன்றுகூடியபோது அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டு, ஒஜிப்வே மொழியின் 'நீஜ் மனிடோவாக்' என்ற தொடரை ஒட்டி ஒரு புதிய ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டனர். ஆண், பெண் என்னும் இரண்டு ஆன்மாக்களும் ஒருவரிடத்தே உறைகின்றன என்பது அதன் கருத்து. 'ஈருயிர்' என்று தமிழாக்கினால் நமது ஊர்களிலே கர்ப்பிணியைத்தான் நினைப்பார்கள். ஆகவே 'இரு ஆன்மாவினர்' என்று நான் சொல்கிறேன். மங்க்மனின் நாயகி அந்தப் பெயருக்குக் கிடைத்த ஒரு முகம். 2008இல், கற்லினின் அதே ஓவியத்துக்கு மறுமொழியாக, ஐந்து திரைகளில் ஒரு நடனக் காட்சியையே அவர் அமைத்தார். அழியட்டும் என்று எழுதப்பட்டவர் மீண்டும் நடுவிலே நின்று ஆடினார்.

இப்போது பேர்லின் விழாவுக்கு வருவோம். கனடாவைப் பற்றிய கேலி ஜேர்மனியருக்கு விளங்குமா என்று தோன்றலாம். மற்ற எவரையும்விட அவர்களுக்குத்தான் விளங்கியிருக்க வேண்டும். கார்ள் மே (1842 - 1912) என்ற எழுத்தாளரின் 'வின்னெற்று' கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் ஜேர்மனியர். அப்பாச்சி வீரனான வின்னெற்றுவை அவர் படைத்தபோது அமெரிக்காவை அவர் கண்டதே இல்லை. 1908இல், புகழெல்லாம் பெற்ற பின்னரே, அங்கு போனார். 1960களில் அக்கதைகள் படங்களாக வந்தபோது வின்னெற்றுவாக நடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். அப்படிப்பட்ட நாட்டுத் திரையிலே, உண்மையான பூர்வகுடி ஒருவர், கற்பனை ஐரோப்பியனைப் படைத்துக்காட்டினார். விருந்து வைத்தவர்களுக்கே அவர்கள் சமையலைத் திருப்பிப் பரிமாறியது போல.

ஒரு நியாயமான ஆட்சேபத்தை இங்கே மறைக்கக்கூடாது. அநீதியைத் தலைகீழாக்கினால் அது நீதியாகிவிடுமா? மது கொடுத்து மயக்குவதும், சம்மதம் கேளாமல் உரிந்து பார்ப்பதும் யார் செய்தாலும் தவறுதானே? இந்தக் கேள்வி மங்க்மனைப் பின்னாளில் நேரடியாகவே எதிர்கொண்டது. 2020இல் அவர் வெளியிட்ட ஓர் ஓவியத்திலே, அன்றைய கனடியப் பிரதமரின் சாயல்கொண்ட ஓர் உருவம் உடலளவில் இழிவுபடுத்தப்பட, சூழ நின்ற பூர்வகுடிப் பெண்கள் சிரிப்பதாகக் காட்டியிருந்தார். அதிகம் கண்டித்தவர்கள் பூர்வகுடிப் பெண்களே. பாலியல் வன்முறையின் தழும்புகளைச் சுமக்கும் எங்களை அதைக் கண்டு சிரிப்பவர்களாக எப்படி வரையலாம் என்பது அவர்களின் வாதம். மங்க்மன் மன்னிப்புக் கேட்டார். தூரிகை கைமாறினாலும், அதன்முன் நிற்கும் மனிதரைக் கேட்காமல் வரையும் ஆபத்துக் கைமாறுவதில்லை என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்றாயிற்று.

ஆனால் 2005ஆம் ஆண்டுப் படத்துக்கும் இந்த ஓவியத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. படத்திலே மிஸ் சீஃப் செய்வது சரியென்று நம்மை நம்பவைக்க முயற்சியே இல்லை. அவள் செய்வது அநியாயம் என்று நாம் உணர வேண்டும். அதை உணர்ந்த கணத்திலே, அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த புத்தகங்களின் நினைவு வரவேண்டும். குற்றத்தைப் பழிவாங்குவதற்காக அல்லாமல், குற்றம் என்று அடையாளம் காட்டுவதற்காகவே அது திரும்ப நடித்துக் காட்டப்படுகிறது. பழிகரப்பு அங்கதம் வெல்வதும் வழுக்குவதும் இந்த நூலிழையில்தான்.

நமது உறவினர்கள், பழைய மாணவர்கள் என்று எத்தனையோ பேர் இன்று ரொறன்ரோவில் வாழ்கிறார்கள். வார இறுதியில் பிள்ளைகளோடு கிளைன்பேர்க் கலைக்கூடத்துக்குப் போகிறவர்களும் இருப்பர். மனிதரில்லாத அந்த அழகிய ஏரிகளின் முன்னே நிற்கும்போது, இங்கே யார் இருந்தார்கள் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

பின்வாங்கு மாணவனுக்கு நான் தரவேண்டிய விடை இன்னும் பாக்கி. தம்பி, அவர் பொய் எழுதவில்லை என்பது உண்மை. மணிக்கூட்டை அழித்த பின்பு எஞ்சிய படத்திலும், கூடாரம் உண்மை, மனிதர்கள் உண்மை. அழித்தவர் யாரென்பது மட்டும் படத்தில் இல்லை. ஒரு நூலை வாசிக்கும்போது, எழுதியவர் கண்டது என்ன என்பதோடு, காணாமற்போகட்டும் என்று விட்டது என்ன என்றும் கேட்டுப்பார். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தொடங்கிய நாளில்தான் வாசிப்பு தொடங்குகிறது.

நேயர்களே, மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம். வணக்கம்.